மாவுக்கட்டுக் காலும் பழைய பிரிட்டிஷ் காமெடியும்

தம்பி: எல்லாருக்கும் வணக்கம். மாவுக்கட்டு பிரிக்கும் வரை நடக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ரீல்ஸ் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. பெரியப்பா, நீங்கள் அடிக்கடி சொல்கிற பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? மிஸ்டர் பீன் முழுவதும் பார்த்தாகிவிட்டது, அதைச் சொல்லாதீர்கள்.

திருச்சி அத்தை: முதலில் காலைத் தலையணை மேல் தூக்கி வை. அப்புறம் டிவி.

லண்டன் பெரியப்பா: வாடா ராஜா. இந்த ஒரு கேள்வி வரும் என்றுதான் இத்தனை காலமாக இந்தக் குழுவில் குட்மார்னிங் பூப்படங்களைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறேன். ஃபால்ட்டி டவர்ஸ். மறுபேச்சே கிடையாது. டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன ஓட்டல், அதை நடத்துகிற பேசில் ஃபால்ட்டிக்கு விருந்தாளிகளைக் கண்டாலே ஆகாது, பெரிய மனுஷன் யாராவது வந்தால் மட்டும் குழைவான், மனைவி சிபில் குரல் கேட்டால் நடுங்குவான். 1975இல் 6 எபிசோடு, 1979இல் 6 எபிசோடு, மொத்தமே 12தான். அதோடு நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் சீரியல் மாதிரி பேத்திக்குக் கல்யாணம் ஆகும் வரை இழுக்கவில்லை.

அக்கா: வெறும் 12ஆ? அவ்வளவு பேர் பார்த்ததை ஏன் நிறுத்தினார்கள்?

லண்டன் பெரியப்பா: எழுதியது ரெண்டே பேர். பேசிலாக நடித்த ஜான் கிளீஸ், வேலைக்காரப் பெண் பாலியாக நடித்த கானி பூத். கணவன் மனைவி. முதல் 6 முடிந்து அடுத்த 6 வருவதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டது, ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி முடித்தார்கள். அமெரிக்காவில் ஒரு கூட்டமே அறையில் உட்கார்ந்து எழுதும், வருஷத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடு வரும். இங்கே பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான், அதனால் ஒரு சீசன் என்றால் 6 அல்லது 7. குறைவாக இருப்பதால்தான் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது என்பது என் கட்சி.

திருச்சி மாமா: மச்சான், ஓட்டல் கதையெல்லாம் பிறகு. தம்பி, நீ எஸ் மினிஸ்டர் பார். நான் வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன், அந்த சர் ஹம்ஃப்ரி பேசுகிற பேச்சை வேறு சட்டையில் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

தம்பி: அது அரசியல் நாடகம் இல்லையா மாமா?

திருச்சி மாமா: காமெடிதான். ஜிம் ஹேக்கர் என்று ஒரு மந்திரி, ஏதாவது செய்து பேர் வாங்க வேண்டும் என்று துடிப்பார். அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ஃப்ரி, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே தன் கடமை என்று இருப்பவர். நடுவில் பெர்னார்டு என்று ஒரு தனிச் செயலர், பாவம், யார் பக்கம் நிற்பது என்றே தெரியாது. 1980இல் ஆரம்பித்தது, பிறகு 1986இல் ஹேக்கர் பிரதமராகவே ஆகி எஸ் பிரைம் மினிஸ்டர் என்று 1988 வரை ஓடியது. ஒரு எபிசோடு மட்டும் சொல்கிறேன். புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி. நிர்வாகம், கணக்கு, சுத்தம் செய்வது என்று 500 பேர் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளி கூடக் கிடையாது. மந்திரி போய்ப் பார்த்து அரண்டுபோய்க் கேட்டால், நாட்டிலேயே மிக நன்றாக நடக்கிற ஆஸ்பத்திரி இதுதான், சுத்தத்துக்குப் பரிசே வரப்போகிறது என்று பெருமையாகப் பதில் வரும். நோயாளிகளைச் சேர்த்தால் அந்தச் சுத்தம் கெட்டுவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை.

அக்கா: 😂😂 மாமா, இந்தியில் கூட எடுத்தார்களே, ஃபரூக் ஷேக் மந்திரியாக. ஜீ மந்த்ரிஜி.

திருச்சி மாமா: ஆமாம், 2001இல். மோசமில்லை. ஆனால் மூலத்தில் சர் ஹம்ஃப்ரியாக வரும் நைஜல் ஹாதார்ன் மூச்சு விடாமல் ஒரு வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போவார் பார், அது ஒன்றுக்காகவே பார்க்கலாம். அப்போது பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்கு இந்தத் தொடர் என்றால் உயிர். 1984இல் ஒரு விருது விழாவில் மந்திரியாகவும் செயலராகவும் நடித்த இரண்டு பேரோடு தானே மேடையேறி ஒரு குட்டி நாடகம் போட்டார். பொருளாதார வல்லுநர்களை ஒழித்துவிடு என்று ஹேக்கருக்கு உத்தரவு போடுவது மாதிரி.

லண்டன் பெரியப்பா: அந்த நாடகம் சகிக்காது. பிரதமர் ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

திருச்சி அத்தை: நீங்கள் இரண்டு பேரும் ஆம்பிளைகள் கத்துகிற நாடகமாகவே சொல்கிறீர்கள். அண்ணி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒன்று போட்டுக் காட்டினாரே, டெலிபோன் எடுத்தாலே தன் பெருமை பேசுகிற அம்மாள், பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

லண்டன் பெரியம்மா: கீப்பிங் அப் அப்பியரன்சஸ். ஹயசிந்த். 1990 முதல் 1995 வரை ஓடியது. வீட்டுக்காரர் பேர் ரிச்சர்ட் பக்கெட், அதை இந்த அம்மாள் பூக்கே என்று சொல்லச் சொல்வாள். தங்கச்சி வீட்டில் வாசலில் ஓட்டை கார், தங்கச்சி புருஷன் ஆன்ஸ்லோ பனியனோடு கையில் பீர். அந்தக் கூட்டம் தன் வீட்டுப் பக்கம் வந்துவிடக்கூடாது, வந்தாலும் பாதிரியார் கண்ணில் பட்டுவிடக்கூடாது, இவ்வளவுதான் கதை.

திருச்சி அத்தை: அதேதான்! பக்கத்து வீட்டுக்காரி காபி குடிக்க வருவாள், பீங்கான் கோப்பை உடைந்தால் தொலைந்தோம் என்கிற பயத்திலேயே கை நடுங்கிக் கொட்டிவிடுவாள். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அந்தக் கை நடுக்கம் போதுமே. நம்ம குடும்பத்திலேயே ஒரு ஹயசிந்த் உண்டு, யார் என்று சொல்லமாட்டேன்.

அக்கா: அத்தை, அவர் இந்தக் குழுவில் இருக்கிறாரா?

திருச்சி அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

தம்பி: ஐயோ, நான் படித்துவிட்டேன் 🤣

லண்டன் பெரியப்பா: தங்கச்சி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கத்திய நல்ல காமெடி எதை எடுத்தாலும் நடுவில் ஒரு ஆள், தான் நிற்கிற படிக்கு ஒரு படி மேலே நிற்பதாக நினைத்துக்கொண்டு இருப்பான். பேசில் அப்படி, ஹயசிந்த் அப்படி. டாட்ஸ் ஆர்மியில் வருகிற கேப்டன் மேன்வாரிங் ஒரு சின்ன ஊர் பேங்க் மேனேஜர், இரண்டாம் உலகப்போரில் கிழவர்களையும் பொடியன்களையும் வைத்து ஊர்க்காவல் படை நடத்துகிறார், ஆனால் நினைப்பு சர்ச்சில் என்று. அவர் கீழே இருக்கிற சார்ஜென்ட் வில்சன்தான் நிஜமான மேல்குடிப் பையன், அதுதான் அவருக்கு உறுத்தல். ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸில் டெல் பாய் லண்டனில் பெக்கம் சந்தையில் திருட்டுச் சரக்கு விற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் கோடீஸ்வரன் ஆகிவிடுவேன் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். அமெரிக்கக் காமெடியில் அந்த மாதிரி ஆள் கடைசியில் ஜெயித்துவிடுவான். இங்கே ஜெயிக்க விடமாட்டார்கள்.

அக்கா: பெரியப்பா, டெல் பாய் ஜெயித்தாரே! 1996 கிறிஸ்துமஸ் எபிசோடில் பழைய கடிகாரம் ஒன்று 62 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போகுமே.

லண்டன் பெரியப்பா: அதை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள், ஊரே உட்கார்ந்து பார்த்தது, அதோடு முடித்திருந்தால் தங்கம். அதற்குப் பிறகும் எடுத்தார்கள், எடுத்தவுடன் முதல் வேலையாக அந்தப் பணம் முழுவதையும் தொலைக்க வைத்தார்கள். நான் சொன்னதுதானே நடந்தது?

அக்கா: எனக்கு அதில் பிடித்தது சாண்டலியர்தான். தம்பி, இதை மட்டும் கண்டிப்பாகப் பார், 1982 எபிசோடு. ஒரு பெரிய மாளிகையில் கண்ணாடிச் சரவிளக்கைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வாய்ச்சவடால் அடித்து வேலை வாங்கிவிடுவார்கள். டெல்லும் அவன் தம்பி ராட்னியும் ஆளுக்கொரு ஏணியில் நின்று விளக்குக்குக் கீழே போர்வையை இழுத்துப் பிடித்திருப்பார்கள், மேல்மாடியில் தாத்தா தரைப்பலகையை எடுத்துவிட்டுத் திருகாணியைக் கழற்றுவார். ரெடியா என்று சத்தம். ரெடி. விழும்.

தம்பி: போர்வை கிழிந்துவிடுமா?

அக்கா: சொல்லமாட்டேன். பார்.

திருச்சி மாமா: கேப்டன் மேன்வாரிங்கும் அவரிடம் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக்காரனும் வருகிற இடத்தை விட்டுவிட்டீர்களே மச்சான். போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்கிறேன் என்று அந்த ஜெர்மன்காரன் எல்லார் பேரையும் நோட்டில் எழுதிக்கொண்டு இருப்பான். படையில் இருக்கிற பொடியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுவான். உன் பேரும் இதில் ஏறும், பேர் என்ன என்று கேட்பான் ஜெர்மன். உடனே நம் கேப்டன் வீராவேசமாக, அவனிடம் சொல்லாதே பைக் என்பார். பையன் பேர் பைக்!

தம்பி: மைண்ட் யுவர் லாங்குவேஜ் பற்றி யாருமே பேசவில்லையே, வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் நடக்கிற காமெடி. என் நண்பன் அதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னான்.

லண்டன் பெரியம்மா: அதை யாரும் பேச மாட்டார்கள் என்றுதான் நானும் சும்மா இருந்தேன்.

திருச்சி அத்தை: ஏன் அண்ணி? நாங்கள் வாடகை வீடியோ கேசட் எடுத்து, பக்கத்து வீடுகளையும் கூப்பிட்டு, ஹால் முழுக்க உட்கார்ந்து பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோமே.

லண்டன் பெரியம்மா: உங்களுக்கு அது கேசட். எனக்கு அது ஆபீஸ். 1978இல் நான் இங்கே வந்த புதிதில் ஓர் இடத்தில் டைப்பிஸ்ட் வேலை. வாரக் கடைசியில் அது ஓடியிருந்தால் திங்கட்கிழமை காலை நான் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ஒருத்தன் கையைக் கூப்பித் தலையை ஆட்டி, அதில் வருகிற சீக்கிய மாணவன் ரஞ்சித் சிங் சொல்வது மாதிரி ஆயிரம் மன்னிப்புகள் என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும், சிரிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்பார்கள். டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகிக்கொண்டே எத்தனை திங்கட்கிழமை சிரித்திருப்பேன் தெரியுமா? இத்தனைக்கும் என் இங்கிலீஷைப் பார்த்துத்தான் வேலையே கொடுத்தார்கள். கை கூப்பிக் காட்டிய அவனுடைய கடிதங்களைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொடுத்ததும் நான்தான்.

திருச்சி அத்தை: இதை இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லையே அண்ணி.

அக்கா: பெரியம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. 1979இல் அந்தத் தொடரை எடுத்த சேனலில் மைக்கேல் கிரேடு என்ற அதிகாரி, இது இனத்தைக் கேலி செய்கிறது என்று சொல்லித்தான் நிறுத்தினார். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். அலியாக வந்த டினோ ஷஃபீக் டாக்காக்காரர். ஜமீலாவாக வந்த ஜமீலா மாசி பிறந்தது சிம்லாவில். அந்தக் காலத்தில் நம் முகங்கள் வாராவாரம் பிரிட்டிஷ் டிவியில் வந்த இடம் வேறு எத்தனை இருந்தது?

லண்டன் பெரியம்மா: நடித்தவர்களை நான் ஒரு சொல் கூடக் குறை சொல்லமாட்டேன். பிழைப்பு. கிடைத்த வேஷத்தைப் போட்டார்கள். இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம் என்று இன்னொன்று இருந்தது, நம் நாட்டில் தேவ்லாலி ராணுவ முகாமில் நடக்கிற கதை, அதில் ரங்கி ராம் என்ற முக்கிய வேஷத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர், உருது நன்றாகப் பேசுவார் என்பார்கள். சரி, பேசட்டும். சாயம் சாயம்தானே.

தம்பி: அப்படிப் பார்த்தால் ஃபால்ட்டி டவர்ஸிலும் ஒரு ஸ்பெயின்காரரைப் போட்டு அடிக்கிறார்களே? க்ளிப் ஒன்று பார்த்தேன்.

லண்டன் பெரியம்மா: மேனுவல், அந்த ஓட்டல் சர்வர். அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. மேனுவலுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் பொய் வராது, வஞ்சகம் வராது. கத்துகிறவன், அடிக்கிறவன், கடைசியில் அசிங்கப்படுகிறவன் எல்லாம் பேசில். சிரிப்பு அவன் மேல் விழுகிறது. மைண்ட் யுவர் லாங்குவேஜில் வாத்தியார் நல்லவர், பொறுமைசாலி, வகுப்பில் இருக்கிற நாம்தான் ஜோக். எனக்கு அது போதும், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

லண்டன் பெரியப்பா: மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே இல்லை. பெர்லினில் பிறந்தவர், 1938இல் நாஜிகளுக்குத் தப்பிக் குழந்தையாகக் குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஜெர்மன் விருந்தாளிகள் முன்னால் பேசில் ஹிட்லர் நடை நடந்து காட்டுகிற எபிசோடில் அவரும் இருக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். அந்த எபிசோடில் தீ விபத்துக் காட்சிக்காகப் போட்ட ரசாயனப் புகையில் அவருக்கு நிஜமாகவே தீக்காயம் வேறு.

அக்கா: அந்த எபிசோடைத்தானே 2020இல் கொஞ்ச நாள் தூக்கிவிட்டார்கள்? ஓட்டலில் தங்கியிருக்கிற கிழட்டு மேஜர் பேசுகிற இனவெறி வசனத்துக்காக.

லண்டன் பெரியப்பா: தூக்கினார்கள், கத்தினார்கள், எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பப் போட்டார்கள். மேஜர் முட்டாள் என்று காட்டத்தான் அந்த வசனம் என்பது என் எண்ணம். உங்கள் பெரியம்மா இதிலும் ஒத்துக்கொள்ள மாட்டாள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

லண்டன் பெரியம்மா: நல்லது.

தம்பி: சரி, முடிவாக எந்த எபிசோடு? ராத்திரி பார்க்கப் போகிறேன்.

லண்டன் பெரியப்பா: கோர்மே நைட். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு உயர்தர விருந்து, சமையல்காரன் குடித்துவிட்டு மட்டை. வேறு ஓட்டலிலிருந்து வாத்துக்கறியை எடுத்துக்கொண்டு வருகிற வழியில் கார் நின்றுவிடும். பேசில் இறங்கி, காருக்கு எச்சரிக்கை கொடுத்து, எண்ணி, ஓடிப்போய் ஒரு மரக்கிளையை முறித்துக்கொண்டு வந்து காரை விளாசுவான். அந்தக் கிளையை நன்றாகப் பார், அடிக்கிற அடிக்கு வளைந்து கொடுக்கும், அதில்தான் சிரிப்பே. வெளிப்புறக் காட்சி மட்டும் வேறு நிறமாக இருக்கிறதே என்று நினைக்காதே, அந்தக் காலத்தில் உள்ளே வீடியோவிலும் வெளியே ஃபிலிமிலும் எடுப்பார்கள். சிரிப்புச் சத்தம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த ஜனங்களுடையதுதான், வெளிக்காட்சியை அவர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டுவார்கள்.

தம்பி: பார்த்துவிட்டேன். மூடியைத் திறந்தால் வாத்துக்குப் பதில் அது இருக்கிறதே, அங்கே சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். அடுத்தது எது? ஆளுக்கு ஒன்று சொல்லாமல் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அக்கா: வாக்கெடுப்பு போட்டிருக்கிறேன். ஓட்டல், மந்திரி, ஹயசிந்த், சாண்டலியர். ஆளுக்கு ஒரு ஓட்டு.

திருச்சி மாமா: மந்திரிக்குப் போட்டேன், ஹயசிந்திலும் டிக் விழுந்திருக்கிறது. எப்படி எடுப்பது?

திருச்சி அத்தை: எடுக்க வேண்டாம், விடுங்கள்.

அக்கா: அதன் மேலேயே இன்னொரு தடவை அமுக்குங்கள் மாமா.

திருச்சி மாமா: அமுக்கினேன். இப்போது ஓட்டலுக்கும் விழுந்துவிட்டது.

லண்டன் பெரியப்பா: அது சரியான ஓட்டு மாப்பிள்ளை, கை வைக்காதீர்கள்.