மறுமொழி: ‘பல்க் டென்சிட்டி’: உலர்பழ அட்டவணைக்கு எந்தச் சொல்?

> ‘பரும அடர்த்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, அடர்த்தி என்றாலே ஓர் அலகு பருமனுக்கு எவ்வளவு நிறை என்பதுதான். முன்னால் இன்னொரு ‘பரும’ சேர்த்தால் புதிதாக எதுவும் விளங்காது. உலர்பழ அட்டவணைக்காக நாம் தமிழில் பெயர் தேடும் ‘பல்க் டென்சிட்டி’ (bulk density) என்பது, பழங்களுக்கு இடையில் கிடக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட அடர்த்தி. கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஆனால் ஒரு கோப்பை கிஸ்மிஸ், அதே கோப்பைத் தண்ணீரைவிட எடை குறைவு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் குழப்பத்தைத்தான் கூட்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியலில் கிஸ்மிஸுக்கே இரண்டு எண்கள் உண்டு. சும்மா கொட்டினால் கோப்பைக்கு 145 கிராம், அமுக்கி நிரப்பினால் 165. அவர்கள் கோப்பை சுமார் 237 மி.லி.; ஆக, மில்லிலிட்டருக்கு 0.61, 0.70 கிராம். பழம் அதேதான், நிரப்பிய விதம்தான் வேறு. அதனால் சொல்லிலும் ‘நிரப்புதல்’ இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> சமையல்காரருக்குக் ‘கோப்பையெடை’ போதாதா அக்கா?

போதாது தம்பி. யார் வீட்டுக் கோப்பை? ஆஸ்திரேலியக் கோப்பை 250 மி.லி. அதே கிஸ்மிஸ் அதில் 153 கிராம் பிடிக்கும். அடர்த்தியைக் கொடுத்துவிட்டால் கோப்பையோ ஆழாக்கோ, கையில் இருக்கும் பாத்திரத்தின் கொள்ளளவால் பெருக்கிக்கொள்ளலாம்.

‘முகவெடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முகத்தலும் எடையும் சேர்ந்த அழகான கட்டுமானம்தான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் முகத்தின் எடை என்றே படிப்பார்கள். ராமநாதபுரத்துக்கு ‘முகவை’ என்றும் பெயர் உண்டல்லவா, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி ஏதோ என்று நினைப்பார்கள்!

என் முன்மொழிவு: நிரப்படர்த்தி. நிரப்பு + அடர்த்தி, புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. தேவைப்பட்டால் ‘தளர் நிரப்படர்த்தி’, ‘இறுகு நிரப்படர்த்தி’ என்று பிரிக்கலாம். படியைக் குலுக்கி அளந்தால் நெல் கூடுதலாகப் பிடிக்கும் என்பது களத்தில் நின்ற எவருக்கும் தெரியும். அந்த விஷயத்துக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்: ‘கிஸ்மிஸின் தளர் நிரப்படர்த்தி 0.61, ஆகவே 100 மி.லி. அளவுக்கு 61 கிராம் எடுக்கவும்.’ நாக்கில் இடறவில்லை என்று நினைக்கிறேன்.

* * *

அக்கா, நிரப்படர்த்திக்கு என் ஓட்டு. ‘குவியடர்த்தி’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் குவியல் என்றதும் தலைக்கு மேல் கோபுரமாக நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே தலைதட்டிய அளவுதான் கணக்கு.

ஒரு சின்னத் திருத்தம். அட்டவணையில் தளர், இறுகு இரண்டும் எல்லாப் பழத்துக்கும் பொருந்தாது. அதே பட்டியலில் நறுக்கிய பேரீச்சை கோப்பைக்கு 147 கிராம், கொட்டை நீக்கிய உலர் பிளம் 174, பாதியாகப் பிளந்த உலர் ஆப்ரிகாட் 130. இவற்றில் எண்ணோடு பழத்தின் வடிவத்தையும் சொல்லியாக வேண்டும். ஆகவே பழத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘முழுசு, பாதி, நறுக்கியது’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். இலங்கை நண்பர்களுக்காகக் கிஸ்மிஸுக்குப் பக்கத்தில் ‘பிளம்ஸ்’ என்றும் போடுங்கள்; அங்கே கிஸ்மிஸை அப்படியும் சொல்வார்கள். அப்புறம் உலர் பிளம் வரிசையை அதோடு குழப்பிக்கொள்ளாதபடி தள்ளி வையுங்கள்.