பின்னத்தோட பகுதியில (கீழ) எக்ஸ் வர்ற சமன்பாடு, ரெண்டு விடை வந்துச்சு, ஒண்ண ஏன் அடிச்சாங்க?

கேள்வி:
பத்தாவது படிக்கிறேன். டெஸ்ட்ல வந்த கணக்கு இது,
எக்ஸ்/(எக்ஸ்−2) + 1/(எக்ஸ்+2) = 8/(எக்ஸ்²−4)
மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து ரெண்டு பக்கமும் பெருக்கினேன், எக்ஸ்²+3எக்ஸ்−10=0 வந்துச்சு, காரணிப்படுத்தி 2, −5ன்னு எழுதினேன். 2ஐ மட்டும் சிவப்பு மையில அடிச்சிருக்காங்க. மூணு தடவ வரி வரியா பாத்துட்டேன், எங்கயும் தப்பு இல்ல. அப்போ அந்த 2 எங்கேர்ந்து வந்துச்சு? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
முதல் வரியிலயே 2 போட்டு பாருப்பா. எக்ஸ்−2 பூஜ்யம் ஆயிடும், பூஜ்யத்தால வகுக்க முடியாது, அதான் அடிச்சாங்க. −5 போட்டா 5/7 − 1/3 = 8/21, வலது பக்கமும் 8/21.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா தம்பி கேட்டது எங்கேர்ந்து வந்துச்சுன்னு. நீ (எக்ஸ்−2)(எக்ஸ்+2) ஆல பெருக்கினல்ல, அங்கதான் நுழைஞ்சுது. எக்ஸ் 2ன்னா நீ பெருக்கினதே பூஜ்யத்தாலதான். 5=7ங்கறது பொய், ரெண்டு பக்கமும் பூஜ்யத்தால பெருக்கு, 0=0, உண்மை மாதிரி ஆயிடுச்சு பாரு, அதே கதைதான் இங்கயும். உன் வரி எதுவும் தப்பில்ல, ஆனா பெருக்குன பிறகு இருக்கறது வேற சமன்பாடு, அதுக்கு 2ங்கறது ஒரு விடைதான், பழசுக்கு இல்ல. நான் ட்யூஷன்ல பசங்கள கணக்க தொடங்கறதுக்கு முன்னாடியே ஓரமா "எக்ஸ் ≠ 2, −2"ன்னு எழுத வெச்சிடுவேன், கடைசில வர்ற விடை அந்த லிஸ்ட்ல இருந்தா தூக்கிடலாம். சில கணக்குல வர்ற எல்லாமே அதுல மாட்டும், அப்போ தீர்வே இல்லன்னு எழுதணும், பயப்படாத.

பதில் 3:
இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கு. 3எக்ஸ்/(எக்ஸ்+1) = எக்ஸ்/(எக்ஸ்−1) போட்டு பாரு, ஆனா ரெண்டு பக்கமும் எக்ஸை அடிக்காத. அடிச்சா ஒரு விடை காணாமப் போயிடும். பெருக்கினா இல்லாதது வரும், வகுத்தா இருக்கறது போகும், ரெண்டாவது இன்னும் மோசம், ஏன்னா போனதை சரிபாத்து கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா, 5=7 சொன்னதும்தான் புரிஞ்சுது. ரெண்டாவது கணக்குல மொதல்ல எக்ஸை அடிச்சுட்டேன், 2 மட்டும் வந்துச்சு. அடிக்காம ஒரே பக்கம் கொண்டு வந்தா 2எக்ஸ்(எக்ஸ்−2)=0, அதாவது 0, 2. ரெண்டையும் போட்டு பாத்தேன், ரெண்டுமே சரியா வருது!