படித்திறனா, சாய்வா, வாட்டமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கணித ஆசிரியை, வெள்ளவத்தை:

அன்புடையீர், வணக்கம்.

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கான ஏழு நிமிடக் காணொளி ஒன்றுக்குத் தமிழில் விளக்கவுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவு. பாடம் எளியது: இரண்டு புள்ளிகள் தெரிந்தால் அவற்றினூடாகச் செல்லும் நேர்கோட்டின் படித்திறனைக் காண்பது. (2, 3) இலிருந்து (6, 11) இற்குப் போகும்போது நிலைக்குத்தாக 8 அலகு ஏறுகிறோம், கிடையாக 4 அலகு நகர்கிறோம். 8 ஐ 4 ஆல் வகுத்தால் 2. அவ்வளவுதான்.

ஆனால் இதே காணொளியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பார்க்கப் போகிறார்கள். அங்கே இதற்குச் சாய்வு என்று பெயர். சென்னையில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். பாடத் தலைப்பைப் பார்த்ததும், "மிஸ், இது வாசிக்கும் திறனைப் பற்றிய பாடமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, அவள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். படி என்றால் வாசி, திறன் என்றால் ஆற்றல் என்றுதானே அவள் எடுத்துக்கொண்டாள்? அவள்மீது எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. சொல்லின்மீதுதான் ஐயம் வந்துவிட்டது. வழி சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், தெகிவளை:

ஆசிரியை அவர்களுக்கு,

படித்திறனைக் கைவிட வேண்டாம். சொல்லுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. வாசித்தல் என்ற பொருளில் படி வினையாக நின்றிருந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுசோறு, குடிதண்ணீர். அப்படியானால் 'படிதிறன்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? இங்கே த் மிகுந்திருக்கிறது. ஆகவே படி பெயர்ச்சொல், மாடிப்படியின் படி. திறன் என்பதும் ஆற்றல் மட்டும் அன்று. திறம், வகை, தன்மை என்ற பொருள்களில் நம் முன்னோர் ஆண்டிருக்கிறார்கள். படியின் தன்மை படித்திறன். ஆங்கிலத்தின் கிரேடியன்ட்டும் இலத்தீனில் படியைக் குறிக்கும் கிராதுஸ் என்ற சொல்லின் வழி வந்ததுதான்.

இயற்பியலில் தமிழ்நாட்டார் திறன் என்பதை நாம் வலு என்கிறோம். இங்கே அந்தக் குழப்பமும் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கான சொற்களையும் ஆக்கினார். சென்னையில் 1936 இல் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். இந்த மண்ணின் சொற்களை எடுத்த எடுப்பில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

பட்டதாரி ஆசிரியர், சென்னை:

ஐயாவுக்கு வணக்கம்.

ஒற்று மிகுதலைச் சாட்சிக்கு அழைத்தது அழகு. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை வினைத்தொகையை நினைத்துப் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவதில்லை. சாய்வு நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிள்ளைக்குச் சாய்வு என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்வதால்தான் சாயங்காலம் என்கிறோம். நம் நாவில் அவ்வளவு ஊறிய வேர் அது. சாய்வுக் கோணம் வேறு, சாய்வு வேறு என்று எங்கள் பாடநூலில் தெளிவாகப் பிரித்திருக்கிறோம். கோணத்தின் டேன்ஜென்ட்தான் சாய்வு.

மொழிபெயர்ப்பாளர், தெகிவளை:

சாயங்காலத்தில் இருப்பது வடமொழிச் சாயம், ஐயா. மாலை என்பது அதன் பொருள். நம் சாய்தலோடு அதற்கு உறவில்லை. 'சாயல் மென்மை' என்று தொல்காப்பிய உரியியல் சொல்லும் சாயலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இந்தக் கோட்டுக்கு உதவாது.

கோணத்தைப் பிரித்துவிட்டோம் என்கிறீர்கள். நூலில் பிரித்திருப்பீர்கள், பிள்ளையின் மனத்தில் பிரிந்திருக்கிறதா? சாய்வு 1 என்றால் கோணம் 45 பாகை. 2 என்றால் 90 பாகை அன்று, ஏறத்தாழ 63.4 பாகை. சாய்வு இரட்டித்தது என்று சொன்னால் கோணம் இரட்டித்ததாகவே பிள்ளை எண்ணும்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், கொட்டாஞ்சேனை:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கணம் அறியாதவன், கட்டடம் அறிந்தவன். சாய்வில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது; அதை யாரும் தொடவில்லை.

தூண் சாயவில்லை என்று எப்போது சொல்கிறோம்? அது செங்குத்தாக நிற்கும்போது. மதில் சாய்ந்துவிட்டது என்றால் செங்குத்திலிருந்து விலகிவிட்டது என்று பொருள். தமிழில் சாய்தல் நிமிர்ந்து நிற்பதிலிருந்துதான் தொடங்குகிறது. கணக்கிலோ கிடையாகக் கிடக்கும் கோட்டுக்குத்தான் பூச்சியம். நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குப் பெறுமானமே இல்லை, பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால். 'சாய்வு இல்லை' என்று பிள்ளை எழுதினால் எந்தக் கோட்டைச் சொல்கிறது?

என் சொல் வாட்டம். குளியலறைக்குத் தளம் போட்ட மேசன் முடிவில் என்ன செய்வார்? ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்ப்பார். தண்ணீர் மூலையில் இருக்கும் துளையைத் தேடிப் போனால் வாட்டம் சரி. நடுவில் தேங்கி நின்றால், "வாட்டம் இல்லை, ஐயா, கொத்தத்தான் வேண்டும்" என்பார். வாட்டம் இல்லை என்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்று பொருள். பூச்சியம் சரியாகப் பூச்சியத்தில் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? ஏறினால் ஏறுவாட்டம், இறங்கினால் இறங்குவாட்டம். நேர், மறை இரண்டும் கிடைத்துவிட்டன.

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் புகையிரதம் ரம்புக்கனையைத் தாண்டிக் கடுகண்ணாவவுக்கு மூச்சு வாங்க ஏறுகிறதே, அந்தப் பாதையின் வாட்டம் 44 இற்கு 1. அந்த 44 ஐத் தண்டவாளத்தின் வழியே அளப்பதா, கிடையாக அளப்பதா என்று இளம் வயதில் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்தேன்: 0.022733, 0.022727. வேறுபாடு ஆறாம் தசம தானத்தில்தான். ஏற்றம் கடுமையான பாதையில் அப்படி விட்டுவிட முடியாது.

தமிழாசிரியர், மட்டக்குளி:

வாட்டம் என்றால் என் மாணவருக்கு முகவாட்டம், பயிர்வாட்டம். துயரச் சொல்லைக் கணக்கில் ஏற்ற மனம் வரவில்லை.

நான் கோட்டம் என்ற சொல்லை முன்மொழிகிறேன். கோடுதல் என்றால் ஒருபக்கம் சாய்தல். துலாக்கோலைப் பற்றி வள்ளுவர், 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்றார். கோல் மட்டமாக நின்றால் கோடாமை, ஒருபுறம் தாழ்ந்தால் கோட்டம். பொறியியலாளர் ஐயா கேட்ட பூச்சியம் இங்கும் கிடையில்தான் இருக்கிறது! கோட்டின் கோட்டம் என்று சொல்லிப் பாருங்கள், நாவில் தானாக நிற்கும்.

கணித ஆசிரியை, வெள்ளவத்தை:

ஐயா, குறளைப் படித்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஆனால் கோட்டம் என்றால் எங்களுக்குக் கோட்டக் கல்வி அலுவலகம். வளைவு என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நேர்கோடு வளையாது.

பொறியியலாளர் ஐயாவின் மடல்தான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. நேற்று வகுப்பைப் பாடசாலையின் மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். சென்னையிலிருந்து வந்த மாணவியிடமே அடிமட்டத்தைக் கொடுத்தேன். ஒரு படியின் உயரம் 16 சென்ரிமீற்றர், கால் வைக்கும் அகலம் 28. 16 ஐ 28 ஆல் வகுத்து, 4 இன் கீழ் 7 என்று சுருக்கிச் சுண்ணக்கட்டியால் படியிலேயே எழுதினாள். இரண்டு படி சேர்த்து அளந்தாள், ஐந்து படி சேர்த்து அளந்தாள். அதே 4 இன் கீழ் 7. எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் விடை மாறாது என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவள் குந்தியிருந்து அளந்து கண்டுகொண்டாள்.

"நிமிர்ந்து நிற்கும் கோடு?" என்று கேட்டேன். பின்வரிசை மாணவன் ஒருவன், "கால் வைக்க இடம் இல்லாத படி, ரீச்சர்" என்றான். அகலம் பூச்சியம். அதற்குமேல் நான் என்ன விளக்க?

எனவே விளக்கவுரையில் படித்திறன் என்றே எழுதுகிறேன். முதல் தடவை மட்டும், 'தமிழ்நாட்டில் சாய்வு என வழங்கும் படித்திறன்' என்று வரும். மடல் எழுதியவர்களில் மொழிபெயர்ப்பாளர் ஐயா இந்தச் சொல்லைத்தான் வேண்டினார். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டதாரி ஆசிரியர், சென்னை:

ஒலிப்பதிவு நாளை என்பதால் ஒத்துக்கொள்கிறேன், அம்மா. எங்கள் பிள்ளைகளுக்காக, சாய்வு என்ற சொல் முடிவிலும் ஒருமுறை வரட்டும்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், கொட்டாஞ்சேனை:

மாடிப்படி நல்ல உத்தி, மகள். ஆனால் குளியலறைத் தளத்தில் படி ஏது? புகையிரதப் பாதையில் படி ஏது? கோட்டிலும் படி இல்லை, நாமாகக் கீறிக்கொள்கிறோம். வாட்டம் கோட்டிலேயே இருக்கிறது. அடுத்த காணொளிக்கு முன்னர் என் சொல்லை மறுபடியும் எடுங்கள்.