ரிப்ளி பூனைப் பெட்டியை வைத்தாளா, போட்டாளா?

லேத்துப்பட்டறை:
பக்கத்துத் திரியில் 'மறுவாசிப்பு' என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து தலை சூடாகவே இருக்கிறது. அறிவியல் புனைவுப் படங்கள் கருத்தால்தான் நிற்கின்றனவாம், பாத்திரங்கள் வெறும் பயணிகளாம். அதற்கு உதாரணமாக, ஏலியன் படத்தில் விண்கல அதிகாரி ரிப்ளி, கப்பல் பூனையைத் தேடிப் போவது 'மலிவான கண்ணீர் உத்தி' என்று ஒரு தீர்ப்பு வேறு.

மலிவாம்! 1979-இல் வந்த படம். அதில் வரும் நாஸ்ட்ரோமோ என்ன, ராஜா வீட்டுக் கப்பலா? 2 கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் இழுவைக் கப்பல். வானத்தில் ஓடும் லாரி. ஏழு பேர் நீள்துயிலிலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் எஞ்சின்காரன் பார்க்கர் எடுக்கும் முதல் பஞ்சாயத்து போனஸ். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பங்கு ஏன் குறைச்சல் என்கிறான். பக்கத்தில் அவன் கூட்டாளி பிரெட் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுகிறான். அப்புறம் கீழ்த்தளத்தில் ரிப்ளி வந்து பேசும்போது நீராவி இரைகிறது, காதில் விழாத மாதிரி நிற்கிறார்கள். அவள் நகர்ந்ததும் பார்க்கர் வால்வை மூடிவிடுகிறான், சத்தம் போயே போச்சு. சூப்பர்வைசர் வரும்போது நாங்கள் கிரைண்டரை ஓடவிடுவோமே, அதேதான்! ஒவ்வொருவராகக் கொல்லும் அந்த வேற்றுக்கிரக மிருகம் வருவதற்கு முன்பே நான் அந்தக் கப்பலில் ஏறிவிட்டேன். இது எந்தக் கருத்தால் வந்தது, சொல்லுங்கள் தம்பி.

மறுவாசிப்பு:
ஒன்று, தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு வயது 52. இரண்டு, நான் போனஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேசியது பூனையைப் பற்றி.

நடந்ததைப் பாருங்கள். மிச்சமிருப்பது மூன்று பேர். பார்க்கரும் லாம்பர்ட்டும் தப்பிக்கும் ஓடத்துக்கு வேண்டிய கூலன்ட் சிலிண்டர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரிப்ளி 'ஜோன்ஸி, ஜோன்ஸி' என்று பூனைக்குப் பின்னால் அலைகிறாள். பூனை கிடைத்துப் பெட்டியில் அடைத்த பிறகு அவர்கள் சாகும் சத்தம் இன்டர்காமில் கேட்கிறது. அப்புறம் தாழ்வாரத்தில் மிருகத்தைப் பார்த்ததும் அதே பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள். போடுவதற்கா எடுத்தாள்? இதில் எங்கே இருக்கிறது மனித நேயம்?

லேத்துப்பட்டறை:
போடவில்லை. வைத்தாள்.

பால்கனி டிக்கெட்:
அண்ணே, போட்டாலும் வைத்தாலும் பூனை பிழைத்துவிட்டது. 1986-இல் வந்த அடுத்த பாகத்தில் 57 வருடம் தூங்கி எழுந்து கொழுகொழுவென்று இருக்கிறது. விஷயத்துக்கு வாருங்கள். பாத்திரம் நம்மைப் போல இருந்தால்தான் படம் பிடிக்குமா, இல்லையா?

மறுவாசிப்பு:
இல்லை. 1968-இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸியை எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி வீரன் ஃபிராங்க் பூல் குளிர்கண்ணாடியோடு படுத்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைப் பார்க்கிறான். முகத்தில் ஒரு சலனம் உண்டா? அவனை யாராவது 'நம்ம ஆள்' என்று கட்டிக்கொண்டோமா? ஆனாலும் 50 வருடம் தாண்டி அந்தப் படத்தைக் கொண்டாடுகிறோம். பாத்திரம் இல்லாமலே.

லேத்துப்பட்டறை:
பாத்திரம் இல்லையா? அந்தக் கப்பலின் கணினி ஹால் யார், உங்கள் வீட்டு மிக்ஸியா? இன்னொரு வீரன் போமன் ஒவ்வொரு தகடாகப் பிடுங்கும்போது 'பயமாக இருக்கிறது' என்று கெஞ்சி, கடைசியில் குரல் இழுத்து இழுத்து டெய்சி பாட்டுப் பாடுகிறதே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் படத்திலேயே ரொம்ப மனுஷத்தனமான ஆள் அந்தக் கணினிதான். நீங்கள் காட்டிய சாட்சி எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

இன்னொன்று. அதே படத்தில் டாக்டர் ஃபிளாய்ட் நிலாவுக்குப் போகும் வழியில் மகளுக்கு வீடியோ போன் போடுகிறார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் அந்தக் குழந்தை புஷ்பேபி என்ற குட்டி விலங்கு வேண்டும் என்கிறது. அதுவும் ஒரு பிராணிதான். உங்களுக்கும் பிராணிகளுக்கும் அப்படி என்ன பகை?

மறுவாசிப்பு:
பேச்சை மாற்றுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. போன வருடம் பிளேடு ரன்னர் திரியிலும் இதைத்தான் செய்தீர்கள். நாயகன் டெக்கார்டு மனிதனா, ரெப்ளிகண்ட் என்கிற செயற்கை மனிதனா என்று கேட்டால், மழையில் நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பற்றி 40 பதிவு போட்டீர்கள். கடைசியில் திரியையே பூட்டினார்கள்.

லேத்துப்பட்டறை:
பூட்டியது என்னால் இல்லை. நீங்கள் என்னை 'தட்டுமுட்டு ரசிகன்' என்று எழுதியதால். அதற்கு இன்றுவரை ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. நான் மறக்கவில்லை.

கல்யாணமுருங்கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பூனை வளர்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குப் படகு வந்தபோது எங்கள் வீட்டுப் பூனை பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. படகுக்காரர் கத்துகிறார், வீட்டுக்காரர் கத்துகிறார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் அரிசிச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் பிறாண்டல். அது முட்டாள்தனம் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன். ரிப்ளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தச் சாக்கின் கனம் என் கைக்குத் தெரிந்தது.

மறுவாசிப்பு:
நீங்கள் சாக்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடினீர்களா அம்மா?

கல்யாணமுருங்கை:
இல்லை.

மறுவாசிப்பு:
அவ்வளவுதான் நான் கேட்டது.

லேத்துப்பட்டறை:
அம்மாவுக்கு எதிரே எட்டடி மிருகமா நின்றது? என்ன வாதம் இது!

சரி, கணக்காகவே பேசுவோம். ரிப்ளி கப்பலைத் தகர்க்கும் பொறியை முடுக்குகிறாள். 10 நிமிடம். நிறுத்த வேண்டுமென்றால் முதல் 5 நிமிடத்துக்குள் நிறுத்த வேண்டும். தப்பிக்கும் ஓடத்துக்குப் போகும் வழியில் மிருகம். உடனே திரும்பி ஓடுகிறாள், ஏன்? பயந்து மட்டும் இல்லை, பொறியை நிறுத்த. நிறுத்தினால் பூனையும் பிழைக்கும். கெடு தாண்டிவிட்டது, கப்பலின் கணினியைத் திட்டித் தீர்க்கிறாள். மறுபடி அதே தாழ்வாரத்துக்கு வந்து பெட்டியை எடுக்கிறாள். போட்டவள் திரும்பி வந்து எடுப்பாளா? வைத்தவள்தான் எடுப்பாள்.

மறுவாசிப்பு:
ஓடத்துக்கு வேறு வழி கிடையாது. பெட்டி போகிற வழியில் கிடந்தது, எடுத்தாள். கிடந்தது என்றால் என்ன அர்த்தம்? போட்டது.

பால்கனி டிக்கெட்:
ஒரு தகவல். அந்தத் திரைக்கதையில் ஆணா பெண்ணா என்று பிரிக்காமல், எந்தப் பாத்திரத்தையும் யாரும் நடிக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். ரிப்ளியை 'பெண் வீராங்கனை' என்று செதுக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். வெளியே போய் முகத்தில் ஒரு ஜந்து ஒட்டிக்கொண்ட நிலையில் தூக்கிவரப்பட்ட கேன் என்ற சக பயணியை உள்ளே விடாதே, 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்று விதியைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அறிவியல் அதிகாரி ஆஷ் கதவைத் திறந்துவிட்டான். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் படமே இல்லை. என்னைக் கேட்டால் அவள் மனசில் உட்காருவது அங்கேதான், பூனையிடம் இல்லை.

மறுவாசிப்பு:
பாருங்கள், விதிக்காக கேனை வெளியே நிற்க வைத்தவள் பூனைக்காக ஓடுகிறாள். மனிதனுக்கு விதி, பூனைக்கு விலக்கு. பிரெட் செத்ததே அந்தப் பூனையைத் தேடிப் போய்த்தான்!

லேத்துப்பட்டறை:
கேனைத் தடுத்தபோது மற்ற ஆறு பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அவளைத் தவிர மிச்சமிருந்த ஒரே உயிர் அந்தப் பூனை. எல்லாரும் போன பிறகு வீட்டுக்கு எடுத்துப் போக அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? இது புரியாதவரோடு

கல்யாணமுருங்கை:
பதிவு பாதியில் நிற்கிறதே?

லேத்துப்பட்டறை:
ஷிப்ட் மணி அடித்துவிட்டது. 'மலிவு' என்ற சொல்லை அவர் திரும்பப் பெறாமல் நான் விடப்போவதில்லை. ராத்திரி வந்து அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நிமிடம் நொடியோடு இங்கே போடுகிறேன்.

மறுவாசிப்பு:
போடுவீர்களா, வைப்பீர்களா?

பால்கனி டிக்கெட்:
அண்ணே, எந்தப் பிரதியைப் பார்க்கப் போகிறீர்கள்? 79-இல் வந்ததா, 2003-இல் இயக்குநர் திருத்தித் தந்த டைரக்டர்ஸ் கட்டா? கேப்டன் டல்லாஸை நூலாம்படைக்குள் காட்டுகிற அந்தக் காட்சி எதில் இருக்கிறது என்று போன மாதம் ஒருவர் கேட்டார், யாருமே பதில் சொல்லவில்லை.