கல்லூரி நூலகங்களுக்குக் கோஹா: ஓவிஏ கோப்பாகக் கொடுப்பது சரியா?

நூலடுக்கு:
கோஹா நூலக மென்பொருளை உபுண்டு லினக்ஸில் நிறுவி, தமிழ் இடைமுகத்தையும் அமைத்து, அந்த மெய்நிகர் கணினி முழுவதையும் ஒரே ஓவிஏ கோப்பாக்கியிருக்கிறேன். கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் அதை இறக்கிக்கொண்டால் அன்றைக்கே நூல்களைப் பதியத் தொடங்கலாம். லினக்ஸ் கட்டளைகளோடு மல்லுக்கட்டி, மனம் வெறுத்துப் பழைய பதிவேட்டுக்கே திரும்பிய நூலகர்களைப் பார்த்திருக்கிறேன். இனி எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்க வேண்டும்.

வேர்முனை:
ஐயா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியாது. உள்ளே இருப்பது பெறுபவருக்கு எப்படித் தெரியும்? கோப்போடு வரும் ஷா-256 என்ற சரிபார்ப்பு மதிப்பு, வழியில் எதுவும் சிதையவில்லை என்று மட்டுமே சொல்லும். நீங்கள் விட்டுவைத்த கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லாது. தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் சாவிகளை அழித்தீர்களா? இல்லையென்றால் அத்தனை கல்லூரி வழங்கிகளுக்கும் ஒரே சாவி!

நூலடுக்கு:
அழித்தேன். அழித்ததும் எஸ்எஸ்எச் சேவையே எழவில்லை. முதல்முறை இயங்கும்போது புதுச் சாவிகளை உருவாக்கும் கட்டளையைச் சேர்த்த பிறகே சரியானது.

பாலாறு:
ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி அடையாளம் தரும் மெஷின்-ஐடி கோப்பையும் வெறுமையாக்கினீர்களா? நான் மறந்தேன். ஒரே வலையமைப்பில் இரண்டு பிரதிகளை ஓட்டினோம். வலை அட்டைகளின் மேக் முகவரிகள் வேறு வேறு. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைத்தது. கேபிள், சுவிட்ச் என்று அரை நாள் தேடினோம். வலையமைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி கேட்கும்போது காட்டும் தன் டிஹெச்சிபி அடையாளத்தை அந்த மெஷின்-ஐடி கோப்பிலிருந்துதான் வருவிக்கிறது. இன்னொன்று: விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கும் ஓவிஏவில் வன்பொருள் வகை ‘விர்ச்சுவல்பாக்ஸ்-2.2’ என்றிருக்கும், விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ அதை ஏற்காது. அந்த வரியைத் திருத்தினால் ஷா மதிப்பு பொருந்தாது, அதையும் மாற்ற வேண்டும்.

வேர்முனை:
பார்த்தீர்களா? இவையெல்லாம் தனி ஒருவரின் நினைவில் நிற்கின்றன. மெய்நிகர் கணினிகளைத் தானாகக் கட்டும் பேக்கருக்கான நிரலாக எழுதிவையுங்கள். 2013 முதலே இருக்கும் கருவி அது. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் புதிய ஓவிஏவை அதே நிரலே கட்டித் தரும். இன்று நீங்கள் தருவது ஆறு மாதத்தில் ஓட்டை விழுந்த இயங்குதளம்.

நூலடுக்கு:
நூலகருக்கு நிரலைக் கொடுத்து என்ன பயன்?

வேர்முனை:
நிரல் அவருக்கு அல்ல, உங்களுக்கு. தரவுத்தளத்தைத் தனி வட்டில் வையுங்கள். அப்போதுதான் பழைய மெய்நிகர் கணினியை எறிந்துவிட்டுப் புதியதில் அந்த வட்டைப் பொருத்த முடியும்.

நூலடுக்கு:
தனி வட்டு சரி, இந்த வாரமே பிரிக்கிறேன். ஆனால் வட்டைக் கழற்றி மாட்டுவது யார்? அந்தக் கல்லூரியில் கணினி தெரிந்த ஒரே ஆள் அந்த நூலகர்தான். தவறான வட்டை அழித்துவிட்டால் பல்லாயிரம் நூல்களின் பதிவு போய்விடும். அதனால் உள்ளேயே தானாகத் திருத்தங்களை ஏற்கும்படி வைத்திருக்கிறேன். அதை மாற்ற மாட்டேன்.