12 அரைப் பேன் (half pan, சின்ன வண்ணக் கிண்ணம்) வாட்டர்கலர் பெட்டி: எதை மாத்தலாம்?

கேள்வி: அலிசரின் கிரிம்சன் சிவப்பு வெளுக்குது. மஞ்சள்ல எப்பவும் பச்சை ஏறிக் கிடக்குது. சாப் கிரீனைத் தொடுறதே இல்லை. எப்படி மாத்தி அடுக்கலாம்?

பதில் 1: பழைய அலிசரின் பிஆர் 83 (நிறமிக் குறியீடு) நிறமி, வெளிச்சத்துக்குத் தாங்காது. பிவி 19 ரோஸ் வைங்க. சாப் கிரீன் எதுக்கு? அல்ட்ராமரின் நீலம், மஞ்சள், துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்தா போதும்.

பதில் 2: மஞ்சளை நீலத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க, ஓரத்துக்குத் தள்ளுங்க. பேன் அடியில சின்னக் காந்தம் ஒட்டினா தகரப் பெட்டியில இஷ்டத்துக்கு இடம் மாத்தலாம்.

பதில் 3: டியூபிலிருந்து ஒரேயடியா நிரப்பினா மேல தோல் கட்டும், உள்ளே ஈரம் நிக்கும், அப்புறம் சுருங்கி வெடிக்கும். பாதி பிதுக்கி, பல்குச்சியால மூலை வரைக்கும் தள்ளி, 2 நாள் காயவிட்டு மீதியைப் போடுங்க. 5 மி.லி. டியூப் ரெண்டு அரைப் பேனுக்கு வரும். ஈரத்தோட மூடினா பூஞ்சைதான்.

கேட்டவர்: சாப் கிரீனை எடுத்தா காலியாகுற இடத்துல?

பதில் 1: இப்போதைக்குக் காலியாவே விடுங்க.