மாதவிடாய் நின்ற வயதில் மூட்டுவலி: ஹார்மோன் கொடுத்தால் தீருமா?

கேள்வி: ஃபீனிக்ஸ் செவிலி (டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். கிளினிக்குக்கு வரும் 47 முதல் 55 வயதுப் பெண்கள் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். விடிந்ததும் விரலை மடக்க முடியவில்லை, மாடிப்படி இறங்கினால் முழங்கால் பிடிக்கிறது, ரவிக்கை போடக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. சிலருக்குத் தீட்டு நின்று ஓராண்டாகிறது, சிலருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பாதிப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். "ஹார்மோன் எடுத்தா சரியாயிடுமாமே அக்கா" என்று கேட்கிறார்கள். எந்த வலியை ஹார்மோன் குறையால் வருவது என்று எடுத்துக்கொள்ளலாம்? கொடுத்தால் எவ்வளவு குறையும்? கொடுக்கக் கூடாதவர்களுக்கு வேறு என்ன வழி?

பதில் 1: மகளிர் நல மருத்துவர்

அக்கா, முதலில் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வயதைக் கேட்டதுமே "மெனோபாஸ்தான்" என்று முடிவு கட்டியதால் முடக்குவாதத்துக்கான (உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) மருந்து தாமதமாகி, விரல் கோணிப்போனவர்கள் உண்டு. முடக்குவாதம் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இதே வயதில்தான்.

கையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணு வரிசையைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். அதற்கே முகம் சுளித்தால், கணு மெத்தென்று வீங்கியிருந்தால், காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்தைக் காட்டும் முடக்குக் காரணி, ஆன்ட்டி சிசிபி நான்கு சோதனைக்கும் ரத்தம் எடுத்து உடனே மேலே அனுப்புங்கள். நகத்துக்கு அடுத்த கணுவில் கல் போல முண்டு, பத்து இருபது நிமிடத்தில் விட்டுவிடும் இறுக்கம் என்றால் அது தேய்மானம். எல்லோருக்கும் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி சோதனை பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் உடம்பு முழுக்க வலிக்கும். தோள் இறுகிப்போவது சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அரிது.

யூரிக் அமிலத்தையும் விட்டுவிடாதீர்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் அதை நன்றாக வெளியேற்றும், நின்றபின் ரத்தத்தில் ஏறும். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவருக்கு இன்னும் ஏறும். கால் பெருவிரல் இரவோடு இரவாகச் சிவந்து வீங்கினால் அது கவுட், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம். ஹார்மோன் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இதெல்லாம் இல்லை, பல மூட்டில் வலி, வீக்கம் கிடையாது, கூடவே உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, தீட்டு தாறுமாறான நாளிலிருந்துதான் தொடங்கியது என்றால் ஈஸ்ட்ரோஜன் இறக்கத்துக்குப் பங்கு உண்டு என்று கொள்ளலாம். 45 வயதைத் தாண்டியவருக்கு அதை உறுதிசெய்ய எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தச் சோதனை தேவையில்லை, கதையே போதும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு இருக்கும் பெரிய ஆதாரம் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு. கருப்பை எடுத்த 10,739 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து மூட்டுவலி சொன்னவர்கள் ஈஸ்ட்ரோஜன் பக்கம் 76.3 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 79.2. நூறு பேரில் மூன்று பேர்தான் வித்தியாசம். அவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள், ஆகவே 50 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மூட்டுவலிக்காக மட்டும் ஹார்மோன் எழுதுவது என் கணக்கில் சரியல்ல. உடம்புச் சூடும் தூக்கக் கேடும் வாட்டுபவருக்கு எழுதுகிறோம். அவர்களில் சிலருக்கு மூட்டும் சேர்ந்து இலகுவாகிறது. இரவு தூங்கினாலே மறுநாள் வலி தாங்கும்படி ஆகிவிடும், அதுவும் ஒரு காரணம்.

தொடங்கினால் 60 வயதுக்குள் அல்லது தீட்டு நின்ற 10 ஆண்டுக்குள். மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், தீவிரக் கல்லீரல் நோய் இருந்தால் கூடாது. மார்பகப் புற்றுக்கு அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே மூட்டுவலி தரும். வலி என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், அதைத் தடுத்துப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பதில் 2: மருந்தாளர் (சாட்ஸ்வர்த், டர்பன்)

அளவுகளைச் சொல்கிறேன். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை 25 அல்லது 50 மைக்ரோகிராமில் தொடங்கும், வாரம் இருமுறை மாற்ற வேண்டும். பருமன், பிரஷர், சர்க்கரை உள்ளவருக்கு மாத்திரையைவிடப் பட்டையோ ஜெல்லோ நல்லது. ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகப் போகாததால் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. கருப்பை இருப்பவருக்கு அதன் உட்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் கட்டாயம். தினமும் என்றால் இரவு 100 மில்லிகிராம், சுழற்சியாக என்றால் மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம். "மூட்டுவலிக்கு ஈஸ்ட்ரோஜன் ஒன்றே போதும்" என்று புரோஜெஸ்டிரோனை விட்டவருக்குக் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றுவரை போகலாம்.

பட்டை வேலை செய்யவில்லை என்று வருபவரிடம் எங்கே, எப்படி ஒட்டினார்கள் என்று கேளுங்கள். டர்பன் கோடை வேர்வையில் ஓரம் கிளம்பிவிடும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல்பகுதியில், பவுடரோ கிரீமோ படாத உலர்ந்த தோலில் வைத்து உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். மார்பில் ஒட்டவே கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளையே மாற்றும் நாளாக வைத்து, எண்ணெய் முழுக்கப் போனபின் புதியதை ஒட்டச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு ஹார்மோன் சீக்கிரம் கரைந்துவிடும், அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வலி மாத்திரையில்தான் எனக்குப் பெரிய கவலை. பிரஷருக்கு எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் எடுப்பவர் மேலே ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை சேர்த்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வயிற்றுப்போக்கோ வெயிலோ சேர்ந்தால் சிறுநீரகம் மடமடவென்று கெடும். மைப்ரோடால் என்ற வலி மருந்திலும் ஐபுப்ரோஃபென் உண்டு. கிராண்ட்பா என்ற தலைவலிப் பவுடரில் ஆஸ்பிரின் உண்டு, தினம் இரண்டு மூன்று உறை போடுபவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். புரட்டாசி விரதத்தில் வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண் வரலாம். பானடோ (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். கைக்கும் முழங்காலுக்கும் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் வலி ஜெல்லை முதலில் முயல்வதே மேல்.

பதில் 3: பிசியோதெரபிஸ்ட்

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொடைத் தசையைத் தேற்றாமல் முழங்கால் வலி போகாது. ஈஸ்ட்ரோஜன் இறங்கும் ஆண்டுகளில் தசையும் சேர்ந்து கரைகிறது.

கை வைக்காத உறுதியான நாற்காலி. மார்பில் கைகட்டி எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்கார வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. பத்து முறை, சற்று ஓய்வு, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பன்னிரண்டு முறை சுலபமானதும் ஒரு கிலோ மக்காச்சோள மாவுப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, பிறகு இரண்டரைக் கிலோ. செய்யும்போது பத்துக்கு நான்குவரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள்.

தோள் இறுகியவர்களை வேறாகப் பாருங்கள். இரவில் வலி எழுப்பும் கட்டத்தில் இழுத்துப் பிடித்து நீவினால் இன்னும் இறுகும். அப்போது மூட்டில் ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும், சர்க்கரை மட்டும் சில நாள் ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 70 கிலோ பெண்ணுக்கு 70 முதல் 84 கிராம். புரட்டாசி மாதம் முழுக்க கறி மீன் நிறுத்துபவர்கள் சோறும் ரசமுமாக ஓட்டாமல் ராஜ்மா போன்ற சுகர் பீன்ஸ், பருப்பு, தயிர் கூட்ட வேண்டும்.

ஃபீனிக்ஸ் செவிலி

நன்றி. கணுவை அழுத்திப் பார்ப்பதை நாளையே தொடங்குகிறேன். ஹார்மோன் தொடங்கியவருக்குப் பலன் தெரிய எத்தனை நாள் பொறுப்பது?

மகளிர் நல மருத்துவர்

மூன்று மாதம். தொடங்கும் நாளில் மூன்று விஷயத்தை எழுதிவையுங்கள்: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை முறை விழிப்பு. மூன்றாம் மாதம் அதே மூன்றையும் கேளுங்கள். சூடும் தூக்கமும் சரியாகி மூட்டு அப்படியே இருந்தால், மூட்டுக்காக அளவைக் கூட்ட வேண்டாம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் மருந்து) சேர்ந்த மாத்திரையில் மார்பகப் புற்று ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக வந்ததை அதே அமெரிக்க ஆய்வு காட்டியது, ஆகவே ஆண்டுக்கொரு முறை உட்கார்ந்து தொடரலாமா என்று பேச வேண்டும். நிறுத்தும்போது சிலருக்கு வலியும் இறுக்கமும் திரும்பும், அதை முன்பே சொல்லிவையுங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் தினமும் எடுப்பவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் ரத்தம் பட்டால் ஸ்கேனுக்கு அனுப்பத் தாமதிக்காதீர்கள்.